கிரிபோவால் எட்டுப் பவுண்டர்: குழல் ஏறிவிட்டது, இனி ஆட்கள்

எட்டு பவுண்டு எடையுள்ள குண்டைச் சுடும் பழைய பிரெஞ்சுப் பீரங்கி, அதாவது எட்டுப் பவுண்டர். அதன் மாடலில் குழல் வேலை முடிந்து, வண்டியிலும் ஏற்றியாகிவிட்டது. அளவு 1/16. நெப்போலியன் காலத்துப் பீரங்கி என்றால் பலரும் பன்னிரண்டு பவுண்டரைத்தான் செய்கிறார்கள். அது கம்பீரமானது, சந்தேகமில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது இந்த நடு அளவுதான். தூரத்துக்கும் சுடும், ஆட்கள் தோள் கொடுத்தால் நகரவும் செய்யும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. பிரான்ஸில் கிரிபோவாலுக்கு முன்பிருந்த வாலியேர் பீரங்கி முறையில் கோட்டை முற்றுகைக்கும் களத்துக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி நீளமான, கனத்த குழல்கள்தான். பிரெஞ்சுப் பீரங்கிப்படைத் தளபதி கிரிபோவால் 1765-இல் களத்துக்கென்று தனியாக 4, 8, 12 பவுண்டர்களை வகுத்தார். குழல் குட்டையானது, எடை குறைந்தது. குண்டுக்கும் குழலின் உட்சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியையும் குறைத்ததால், குறைந்த வெடிமருந்திலேயே குண்டு நேராகப் போனது. ஆப்பு வைத்து வாய் உயரத்தைச் சரிசெய்த இடத்தில் திருகு வந்தது. அச்சு இரும்பானது. குதிரைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டாமல் ஜோடி ஜோடியாகப் பூட்டினார்கள். புரட்சிப் படைகளும் பிறகு நெப்போலியனும் கையாண்டது இந்தப் பீரங்கிகளைத்தான். 1803-இல் எட்டுக்குப் பதிலாக ஆறு பவுண்டர் என்று முடிவான பிறகும், ஸ்பெயினில் எட்டு பவுண்டர் தொடர்ந்து சுட்டுக்கொண்டிருந்தது.

பிரெஞ்சுப் பவுண்டு 489 கிராம். அப்படியென்றால் குண்டு கிட்டத்தட்ட 4 கிலோ. குழல் மட்டும் சுமார் 580 கிலோ. 1/16 அளவில் எடையை 4096-ஆல் (16×16×16) வகுக்க வேண்டும். 140 கிராமை ஒட்டி வருகிறது. அசல் குழல் வெண்கலம். நான் பித்தளை ராடு வாங்கி, வரைபடத்தோடு லேத் பட்டறையில் கொடுத்தேன். குழல் துளை 106 மி.மீ. என்பதால் 6.6 மி.மீ. டிரில் பிட் கச்சிதமாகப் பொருந்தியது. வாங்கி வந்து சமையலறைத் தராசில் வைத்தால் கணக்குக்குக் கொஞ்சம்தான் கூட. எடை சரியாக அமைந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம், ஏனென்றால் அடுத்து செய்ய நினைத்திருந்த சோதனைக்கு அது அவசியம்.

வண்டியின் இரண்டு பக்கப் பலகைகளையும் தேக்குத் துண்டுகளில் அறுத்தேன். ஒவ்வொரு பலகையின் மேல் விளிம்பிலும், குழலின் பக்கவாட்டு முளை உட்காரும் பள்ளம் ஒன்றல்ல, இரண்டு. முன்பள்ளம் சுடுவதற்கு. பின்பள்ளம் பயணத்துக்கு. 12, 8 பவுண்டர்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடு. 4 பவுண்டருக்கு எடை குறைவு என்பதால் தேவைப்படவில்லை.

வண்டியின் வால் நுனியைத் தராசில் வைத்து, குழலை முதலில் முன்பள்ளத்தில் உட்கார வைத்தேன். அப்புறம் பின்பள்ளத்துக்கு மாற்றினேன். இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான நகர்வுதான், ஆனால் வாலில் விழும் பாரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிட்டது. நெடும்பயணத்தில் பீரங்கியின் வாலை முன்வண்டி என்ற, குதிரைகள் இழுக்கும் இருசக்கர வண்டியில் மாட்டுவார்கள். அந்தப் பாரத்தை அதன் சக்கரங்கள் வாங்கிக்கொள்ளும், பீரங்கிச் சக்கரங்களுக்குச் சுமை குறையும். களத்தில் குழல் முன்னால் வந்ததும் வால் இலேசாகிவிடும். நெம்புத்தடிகளைச் செருகி வாலைத் தூக்கித் திருப்பிக் குறி பார்க்கலாம். புத்தகத்தில் இதை முன்பே படித்திருக்கிறேன். வாலை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தபோதுதான் இந்தப் பீரங்கி எதற்காக வடிவமைக்கப்பட்டது என்று முழுசாகப் புரிந்தது. அதன் உடம்பில் பாதி, நகர்வதற்கென்றே செய்யப்பட்டிருக்கிறது.

ஆட்களும் அப்படித்தான். எட்டு பவுண்டருக்குப் பதின்மூன்று பேர். சுடும் வேலைக்கு இத்தனை பேர் வேண்டாம்: ஈரப் பஞ்சுத்தடியால் குழலைத் துடைப்பவர், மருந்தும் குண்டும் இடுபவர், பற்றுவாயில் (தீ வைக்கும் சிறு துளை) கட்டைவிரல் வைத்து அடைப்பவர், தீ வைப்பவர், குறி பார்ப்பவர், குண்டு எடுத்துத் தருபவர்கள். மற்றவர்கள் பெரும்பாலும் இழுக்கத்தான். தோளில் குறுக்காக ஒரு தோல்வார், அதன் முனையில் கயிறும் கொக்கியும். கொக்கியை வண்டியின் இரும்பு வளையங்களில் மாட்டி, தேர் இழுப்பது போல் சேர்ந்து இழுப்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் பீரங்கி பின்னால் ஓடும், மறுபடி இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதை நாள் முழுக்கச் செய்ய வேண்டும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பின்வாங்கும்போது இன்னொரு வழி: முன்வண்டிக்கும் பீரங்கி வாலுக்கும் நடுவே நீளமான வடம் கட்டிக் குதிரைகள் இழுக்கும், குழலின் வாய் எதிரியைப் பார்த்தபடியே இருக்கும். நின்றால் உடனே சுடலாம்.

இந்த நகர்வை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் நெப்போலியனின் பீரங்கிப்படைத் தளபதி செனார்மோன். 1807 ஜூன் 14, ரஷ்யர்களுக்கு எதிரான ஃபிரீட்லாந்துப் போர். தளபதி விக்டரின் படைப்பிரிவிலிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிகளை ஒன்றாகத் திரட்டி, சுமார் 400 மீட்டரில் சுட ஆரம்பித்தார். பிறகு அந்தத் தூரத்தில் பாதி. கடைசியில் 150 மீட்டருக்கும் உள்ளே. அந்தத் தூரத்தில் உருண்டைக் குண்டுக்கு வேலையில்லை. தகர டப்பாவில் அடைத்த இரும்புச் சிறு குண்டுகள்தான். முதுகுப் பக்கம் ஆல்லே ஆறு இருந்த ரஷ்ய வரிசைகளுக்கு ஒதுங்க இடமில்லை. அதுவரை பீரங்கி காலாட்படைக்குத் துணை. அன்று பீரங்கியே முன்னால் போனது. அதில் செத்தவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. மேஜைமேல் அழகாக நிற்கும் இந்தப் பொருள் என்ன செய்தது என்பதை மறந்துவிட்டுச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

வாட்டர்லூவில் நேர் எதிர். முந்தைய இரவு மழை, 1815 ஜூன் 18 காலையில் நிலம் சேறு. காய்ந்த தரையில் குண்டு விழுந்து தெறித்து, மறுபடி எழும்பி, பின்னால் உள்ள வரிசைகளையும் அறுத்துக்கொண்டு போகும். சேற்றில் புதைந்துவிடும். பீரங்கியை இடத்துக்குத் திரும்பத் தள்ளுவதும் இரட்டைப் பாடு.

வண்ணம் பற்றிக் கேட்டவர்களுக்கு: மரப்பகுதிக்குக் கடைப் பச்சை வேண்டாம். அசலில் மஞ்சள் காவியில் கொஞ்சம் கறுப்பு சேர்த்து ஆளி விதை எண்ணெயில் குழைத்தார்கள். அக்ரிலிக் மஞ்சள் காவியில் கறுப்பைத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்த்துப் பாருங்கள், கண்ணெதிரே ஆலிவ் பச்சையாக மாறும். இரும்புப் பட்டைகளுக்குக் கறுப்பு. சக்கரக் குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் அதே பச்சை.

பக்கப் பலகைகளுக்கு நடுவே வைக்கும் சிறிய குண்டுப் பெட்டியும் முடிந்தது. கூரை மாதிரி சாய்ந்த மூடி, உள்ளே 15 குண்டுகளுக்கு இடம். சுடும்போது அதைத் தூக்கி முன்வண்டியில் வைத்துவிடுவார்கள், அதனால் ஒட்டாமல் விட்டிருக்கிறேன்.

பீடத்தில் எந்தக் காட்சி என்பதையும் முடிவு செய்துவிட்டேன். புகையும் தீப்பொறியுமாகச் சுடும் காட்சி வேண்டாம். குழல் முன்பள்ளத்தில், தோல்வார் பூட்டிய ஆட்கள் முன்னால் சாய்ந்து இழுக்க, இருவர் நெம்புத்தடியால் வாலைத் தூக்க, பஞ்சுத்தடிக்காரர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். கடையில் கிடைக்கும் உருவங்கள் எல்லாம் நின்று சுடுபவை. ஆகவே கம்பி எலும்பின்மேல் எம்சீல் வைத்து நானே செய்யப்போகிறேன். முதல் உருவத்துக்குக் கம்பி வளைத்தாயிற்று. இழுப்பவரின் பின்கால் நீளம் இன்னும் சரியாக வரவில்லை.