வெள்ளைப் பெட்டியிலிருந்து பாதரசத் தூண் வரை: ஒரு வானிலை நிலைய நடை

பெரிய ராடார் கோளத்தை எதிர்பார்த்து வானிலை நிலையத்துக்குப் போகிறவர்கள் முதலில் ஏமாந்துபோவார்கள். வேலி போட்ட புல்தரை, அதில் கால்களின் மேல் நிற்கும் ஒரு வெள்ளைப் பெட்டி, அவ்வளவுதான். அனுமதி வாங்கி உள்ளே போனதும் அந்தப் பெட்டியிலிருந்தே தொடங்குங்கள்.

ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். சுவர்கள் இரட்டை அடுக்குச் சாய்பலகைகள். காற்று நுழையும், வெயில் நுழையாது. கதவைத் திறக்கும்போது உள்ளேயுள்ள வெப்பமானிகளின் குமிழ்கள்மேல் வெயில் விழக்கூடாது என்பதால் வட அரைக்கோளத்தில் கதவு வடக்கு பார்த்திருக்கும், தென் அரைக்கோளத்தில் தெற்கு. வெட்டவெளியில் தொங்கவிட்ட வெப்பமானி காற்றின் சூட்டைக் காட்டாது, தான் சூடானதையே காட்டும்.

உள்ளே நான்கு வெப்பமானிகள். நிமிர்ந்து நிற்பவை உலர்குமிழும் ஈரக்குமிழும். ஈரக்குமிழைச் சுற்றிய மஸ்லின் துணியிலிருந்து நீர் ஆவியாவதால் அதன் அளவு இறங்கும். உலர்குமிழ் 30 டிகிரி, ஈரக்குமிழ் 25 என்றால் ஒப்பு ஈரப்பதம் (அந்தச் சூட்டில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் இப்போது இருக்கும் பங்கு) ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. தவறு நேர்வது பெரும்பாலும் இந்தத் துணியில்தான். குழாய் நீர் ஊற்றினால் உப்புப் படியும், தூசி ஏறினால் நீர் மேலேறாது. இரண்டிலும் ஈரக்குமிழ் போதிய அளவு குளிராமல், ஈரப்பதம் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். காய்ச்சி வடித்த நீரே வேண்டும்.

படுத்திருக்கும் இரண்டில் ஒன்று உச்ச வெப்பமானி, நாளின் மிகக் கூடிய வெப்பத்தைப் பதிவது. குமிழின் கழுத்தில் ஒரு சிறு நெருக்கம் இருப்பதால் ஏறிய பாதரசம் தானாக இறங்காது. பழைய காய்ச்சல்மானி போல உதறித்தான் இறக்க வேண்டும். உதறியபின் உலர்குமிழோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காவிட்டால் மறுநாள் கணக்கு வீண். மற்றது நீச வெப்பமானி, மிகக் குறைந்ததைப் பதிவது. ஆல்கஹாலுக்குள் ஒரு சிறு கம்பி கிடக்கும், குமிழுக்கு எதிர்ப்பக்க முனையைத்தான் படிக்க வேண்டும். ஆல்கஹால் ஆவியாகிக் குழாயின் மறுமுனையில் துளியாகத் தங்கிவிடுவதும் உண்டு. அப்போது அந்த ஊரில் இல்லாத குளிரெல்லாம் பதிவாகும்!

அடுத்து மழைமானி. 1 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால் 1 மில்லிமீட்டருக்கு 20 மில்லிலிட்டர் சேரும். அளவுக் குவளை அந்த மானிக்கே உரியதாக இருக்க வேண்டும். 100 சதுர சென்டிமீட்டர் மானியின் குவளையில் ஊற்றிப் பார்த்தால் மழை இரட்டிப்பாகிவிடும். தானியங்கி மானிகளில் சிறு வாளி நிறைந்து கவிழும்போதெல்லாம் ஓர் எண்ணிக்கை ஏறும், பலவற்றில் ஒரு கவிழ்ப்பு 0.2 மில்லிமீட்டர். பெருமழையில் வாளி கவிழ்கிற நேரத்துக்குள் கொஞ்சம் நீர் கணக்கில் வராமலே போகும். இலையும் சிலந்தி வலையும் புனலை அடைத்துக்கொண்டால், கொட்டிய மழை நின்றபின்தான் மெல்லச் சொட்டும்.

காற்றுமானி 10 மீட்டர்க் கம்பத்தின் உச்சியில் சுழலும். பக்கத்துக் கட்டடம் எவ்வளவு உயரமோ அதன் பத்து மடங்காவது தள்ளி நிற்க வேண்டும். காற்றுத் திசைகாட்டியின் அம்பு காற்று வருகிற பக்கத்தைக் காட்டும். வாடை, தென்றல் என்று தமிழ் பெயர் வைத்ததும் அதே கணக்கில்தான். வேகத்தை ‘நாட்’ (knot) என்ற அலகில் சொன்னால் 1.852 ஆல் பெருக்குங்கள், மணிக்குக் கிலோமீட்டர் கிடைக்கும்.

காற்றழுத்தத்தை அளக்கும் பாரமானி மட்டும் அறைக்குள். பாதரசத் தூண் கொண்ட ஃபோர்டின் வகையில் முதலில் பார்க்க வேண்டியது அதோடு ஒட்டிய வெப்பமானியை. நின்று நிதானித்தால் நம் உடல் சூடே அதை ஏற்றிவிடும். பிறகு தொட்டியிலுள்ள பாதரசத்தை உயர்த்தி, தந்தத்தால் ஆன முனை பாதரசத்தில் தெரியும் தன் பிம்பத்தைத் தொடும் இடத்தில் நிறுத்த வேண்டும். கடைசியில் வெர்னியரை (நுண்ணளவு காட்டும் நகரும் அளவுகோலை) பாதரச மேட்டின் உச்சிக்கு இறக்கிப் படிக்கலாம். கடல்மட்டத்தை ஒட்டிய உயரங்களில் சுமார் 8 மீட்டர் ஏறினாலே அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறையும். அதனால் வானிலை வரைபடத்தில் ஏறும் எண் கடல்மட்டத்துக்குத் திருத்தியது. 800 மீட்டர் மலையில் நின்றுகொண்டு கைபேசியின் அழுத்த உணரியில் 921 பார்த்தால் புயல் என்று கிளம்பிவிடாதீர்கள். அந்த உயரத்துக்கு அது சாதாரண அழுத்தம்தான்.