போர்க்கள நூலில் முதலில் பார்க்க வேண்டியது நேரம்

ஒரு சண்டையைப் பற்றிய நூல் கையில் கிடைத்தால், யார் மாவீரர், யார் கோழை என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு நேரத்தைத்தான் முதலில் தேடுவேன். எந்தச் செய்தி எத்தனை மணிக்கு யாரிடம் போய்ச் சேர்ந்தது? முடிவெடுத்த நொடியில் தளபதிக்கு என்னவெல்லாம் தெரிந்திருந்தது? இதைச் சொல்லாமல் தோற்றவரை முட்டாளாக்குவது மிக எளிது. அப்படி எழுதப்பட்ட நூல்கள்தான் அதிகம் என்பது வருத்தம்.

இரண்டாம் உலகப் போரில், 1942 ஜூன் 4 அன்று பசிபிக் கடலில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய மிட்வே கடற்போரை எடுத்துக்கொள்வோம். காலை 10:20ஐ ஒட்டி, செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசும் அமெரிக்க விமானங்கள் அகாகி, காகா, சோர்யு என்ற மூன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைச் சில நிமிடங்களில் தீக்கிரையாக்கின. புறப்படத் தயாரான விமானங்கள் மேல்தளம் நிறைய நின்றன, இன்னும் ஐந்தே நிமிடம் கிடைத்திருந்தால் அவை பறந்திருக்கும் என்று அகாகியில் இருந்த ஜப்பானிய விமானப்படை அதிகாரி ஃபுச்சிடா மிட்சுவோ போருக்குப் பின் எழுதினார். பல பத்தாண்டுகள் அதையே எல்லாரும் வழிமொழிந்தார்கள்.

ஆனால் அந்தக் கப்பல்களின் விமானப் பதிவேடுகள் அழியவில்லை. கப்பல்களுக்குக் காவல் சுற்றிய ஸீரோ என்ற ஜப்பானியப் போர் விமானங்கள் அன்று காலை முழுக்க அதே தளங்களில் இறங்கியதும் ஏறியதும் அவற்றில் நேரத்தோடு பதிவாகியிருக்கின்றன. தாக்குதல் விமானங்களைக் கீழ்க்கூடத்திலிருந்து மேலேற்றி, வரிசைப்படுத்தி, எஞ்சினைச் சூடாக்க ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பிடிக்கும். அவை தளத்தை அடைத்து நின்றால் ஸீரோக்கள் எங்கே இறங்கும்? ஆகவே தாக்குதல் விமானங்கள் பெரும்பாலும் கீழ்க்கூடத்தில்தான் இருந்தன. எரிபொருளும் ஆயுதமும் நிறைந்த அந்தக் கூடத்துக்குள் குண்டு போய் வெடித்ததால்தான் தீயை அடக்க முடியவில்லை. பதிவேட்டையும் தளத்தின் வேலைமுறையையும் ஒன்றாக வைத்துப் படித்தபோதுதான் புகழ்பெற்ற அந்த நினைவுக்குறிப்பு ஆட்டம் கண்டது. நல்ல நூலாசிரியர் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. ஜப்பானியர் டோக்கியோ நேரத்தில் பதிவு செய்தார்கள். அது மிட்வே நேரத்துக்கு 21 மணி நேரம் முன்னால். அங்கே காலை 10:20 என்றால் அவர்கள் ஏட்டில் ஜூன் 5, காலை 7:20. எந்த நேரக் கணக்கைப் பின்பற்றுகிறோம் என்று முன்பக்கத்திலேயே சொல்லிவிடும் நூலை நம்பிப் படிக்கலாம். பழைய போர்களில் ஒவ்வொரு அதிகாரியின் கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டியது. அங்கே நிமிடக் கணக்கு சொல்பவரைவிட, எதற்குப் பின் எது நடந்தது என்று வரிசை சொல்பவரே நேர்மையானவர்.

வரைபடம் அடுத்தது. பத்தியில் வரும் ஒவ்வொரு ஊரும் மேடும் அதில் இருக்கிறதா, உயரக்கோடுகளும் அளவுகோலும் உண்டா, எத்தனை மணி நிலவரம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். களத்தை நேரில் பார்த்த நூலாசிரியரும் ஏமாறலாம். பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் 1815இல் நெப்போலியனை எதிர்த்து நின்ற வாட்டர்லூவில், 1826இல் நினைவுச்சின்னமாகக் கட்டி முடித்த சிங்கமேட்டுக்கான மண்ணை வெலிங்டனின் படை நின்ற மேட்டிலிருந்தே வெட்டியெடுத்தார்கள். இன்று அங்கே தெரியும் சரிவு 1815இன் சரிவு அல்ல. போர் நடந்த ஜூன் 18க்கு முந்தைய இரவு கொட்டிய மழையையும் பலர் பாதிதான் சொல்கிறார்கள். சேறு நெப்போலியனின் தாக்குதலைத் தாமதப்படுத்தியது உண்மை. வெலிங்டனுக்குத் துணையாக வாவ்ர் என்ற ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த புருஷியப் படையையும் அதே சேறுதான் இழுத்துப் பிடித்தது.

எண்களில் கவனம் வேண்டும். முதல் உலகப் போரில் 1916 ஜூலை 1, பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாளில் பிரிட்டிஷ் தரப்பின் இழப்பு 57,470. அதில் இறந்தவர் 19,240; மற்றவர்கள் காயம்பட்டோர், காணாமற்போனோர், பிடிபட்டோர். முழு எண்ணையும் சாவுக் கணக்கில் எழுதும் நூலை அங்கேயே மூடிவிடலாம். பழங்காலப் படைக் கணக்குகளுக்கு உணவுதான் உரைகல். கிரேக்கத்தின் மீது படையெடுத்த பாரசீக மன்னர் செர்க்ஸஸின் காலாட்படை 17 லட்சம் என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ். ஆளுக்கு ஒரு கிலோ தானியம் என்றாலும் நாளுக்கு 1,700 டன். குதிரைத் தீவனம் தனி. அந்தப் பாதையில் எந்த வண்டியும் கப்பலும் அதைத் தினமும் கொண்டுவந்திருக்க முடியாது.

வாங்கும் முன் உச்சக்கட்ட அத்தியாயத்தின் அடிக்குறிப்புகளைப் புரட்டுங்கள். இரு தரப்பின் அன்றாடப் பதிவுகளும் அங்கே வர வேண்டும். ஒரே தரப்பினர் பிற்காலத்தில் எழுதிய நினைவுகள் மட்டுமே வரிசை கட்டினால், நடை எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் வேறு நூலைத் தேடுங்கள்.