ஹெர்பீஸ் பயமும் பன்னிரண்டு வாரக் காத்திருப்பும்

பாலுறவில் பரவும் ஹெர்பீஸ் வைரஸ் ஒட்டியிருக்குமோ என்று சந்தேகப்படும்படி ஒன்று நடந்துவிட்டால், மறுநாள் காலையிலேயே லேப் வாசலில் போய் நிற்கத் தோன்றும். இன்றைக்கே தெரிந்தாக வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் ஹெர்பீஸுக்கான இரத்தப் பரிசோதனை நேற்றைய இரவைப் பற்றி எதுவும் சொல்லாது. இரத்தத்தில் தேடுவது வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை. அது உருவாக வாரக் கணக்கில் ஆகும். இன்று உண்மையிலேயே பாசிட்டிவ் என்றால் அந்தத் தொற்று பழையது. நெகட்டிவ் என்றாலும் நிம்மதிப்பட முடியாது. காசும் போய், பயமும் கூடும்.

அதனால் முதல் வேலை, போன் காலண்டரில் நான்கு குறி போடுவது: சம்பவம் நடந்த தேதி, 12-ஆம் நாள், 12-ஆம் வாரம், 16-ஆம் வாரம். பயத்துக்கு ஒரு கெடு கிடைத்தால் அது கொஞ்சம் அடங்கும்.

காத்திருக்கக் கூடாதது ஒன்று உண்டு. எதிராளியின் நிலை தெரியாமல் ஆணுறை இல்லாத உறவு என்றால் எச்ஐவி பற்றி உடனே டாக்டரிடம் பேசுங்கள். எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் பெப் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெர்பீஸ் கவலையில் இந்த மூன்று நாளை விட்டுவிடாதீர்கள்.

இனி முதல் 12 நாள். அறிகுறி வருவதாக இருந்தால் பெரும்பாலும் 2 முதல் 12 நாளுக்குள் வரும். முதலில் எரிச்சலோ குறுகுறுப்போ, பிறகு சிவந்த இடத்தில் நீர் கோத்த சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக. அவை உடைந்து வலிக்கும் புண்ணாகும். முதல் முறை என்றால் காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டுதல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் எல்லாம் சேர்ந்து வரலாம்.

மணிக்கு ஒரு தரம் டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். காலையில் குளித்த பிறகு, நல்ல வெளிச்சத்தில், இரண்டு நிமிடம் போதும். நம் ஊர் வெயிலில் இறுக்கமான ஜீன்ஸ் போட்டு மோட்டார் ஓட்டினாலே இடுக்கு சிவந்துவிடும். சவரம் செய்த இடத்தில் வரும் பருவில் நடுவே ஒரு முடி தெரியும். படை என்றால் வட்டமாகப் பரவி, ஓரம் செதில் செதிலாக அரிக்கும். பயத்தில் டெட்டால் போட்டுத் தேய்ப்பவர்களுக்குத் தோல் வெந்து, புதிதாக ஒரு புண் வந்து, அதுவே அடுத்த பயமாகிறது. வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

வீட்டில் பெரியவர்கள் 'அக்கி' என்று சொல்லிச் செம்மண் குழைத்துப் பூசச் சொல்லலாம். உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டையாக வரும் அக்கி, பழைய சின்னம்மை வைரஸ் மறுபடி கிளம்புவது. ஹெர்பீஸ் வேறு வைரஸ். எதுவாக இருந்தாலும் புண்ணில் மண் வேண்டாம்.

கொப்புளம் வந்துவிட்டால், பயப்பட வேண்டிய அந்த நாளே சரியான விடை கிடைக்கும் நாளும்கூட. முதல் இரண்டு நாளுக்குள், பொருக்கு கட்டும் முன் ஸ்வாப் எடுத்துவிடுங்கள். அதுவரை கிரீம் எதுவும் பூசாதீர்கள். டாக்டர் கொப்புளத்தை ஊசியால் திறந்து, பஞ்சுக்குச்சியைப் புண்ணின் அடியில் அழுத்தித் தேய்ப்பார். சில விநாடி சுரீரென்று எரியும். மேலாகத் தொட்டு எடுத்தால் வைரஸ் உள்ள செல்கள் குச்சியில் ஏறாமல் போகலாம், அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள். 'எச்எஸ்வி பிசிஆர், டைப் 1, டைப் 2 பிரித்து வேண்டும்' என்று கேளுங்கள். எச்எஸ்வி என்பது ஹெர்பீஸ் வைரஸின் சுருக்கப் பெயர், பிசிஆர் அந்த வைரஸையே தேடும் பரிசோதனை. காய்ந்த புண்ணில் எடுத்த ஸ்வாப் நெகட்டிவ் என்றால் அதை வைத்து முடிவு கட்ட முடியாது.

கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியிலும் பினாங்கு ஆஸ்பத்திரியிலும் தோல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்தில் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் அப்பாயின்ட்மென்ட் வரும்வரை கொப்புளம் காத்திருக்காது. வைரஸ் ஸ்வாப் எடுப்பார்களா என்று தனியார் கிளினிக்குகளுக்கு முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டு வையுங்கள். பிரிக்பீல்ட்ஸ் குடும்ப டாக்டருக்கு அம்மாவையும் தெரியும் என்ற கூச்சம் இருந்தால் பெட்டாலிங் ஜெயாவில் பார்க்கலாம்; பட்டர்வொர்த்காரர்கள் ஜார்ஜ்டவுனுக்குப் போகலாம். கவுண்டரில் 'தோல் பிரச்சினை' என்று மட்டும் சொன்னால் போதும்.

கொப்புளமே வராவிட்டால் 12-ஆம் வாரம் பரிசோதனைக்கு இரத்தம் கொடுங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் 16. அறிகுறி இல்லாத எல்லாருக்கும் இந்தப் பரிசோதனையை மருத்துவ வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எதிர்ப்புப் பொருளில் ஐஜிஜி, ஐஜிஎம் என்று வகை உண்டு; எடுத்தால் டைப் பிரித்துச் சொல்லும் ஐஜிஜி மட்டும். ஐஜிஎம் வேண்டாம்: டைப்பைப் பிரிக்காது, தொற்றே இல்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டும். லேப் பேக்கேஜில் அது சேர்ந்திருந்தால் நீக்கிவிடச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்ற சொல்லை விட பக்கத்தில் உள்ள எண்தான் முக்கியம். பல லேப்களில் 1.1-க்கு மேல் பாசிட்டிவ். ஆனால் எச்எஸ்வி-2-க்கு 1.1 முதல் 3 வரை வருவதில் பொய்யான பாசிட்டிவ் நிறைய. வேறு முறையில் உறுதி செய்யாமல் அந்த எண்ணை நம்பி யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. எச்எஸ்வி-1 பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் சிறு வயதில் முத்தத்தில் வந்தது. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு அது உண்டு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இடையில் உள்ள வாரங்கள்தான் கஷ்டம். இரவு பத்து மணிக்கு மேல் கூகுளில் படம் தேடாதீர்கள். அங்கே வருவது மிக மோசமான புண்களின் படங்கள். கவலைக்கென்று மாலையில் இருபது நிமிடம் ஒதுக்கி, மனதில் ஓடுவதை நோட்டில் எழுதுங்கள். மற்ற நேரத்தில் வந்தால் 'ஆறரைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிப் போடுங்கள். நாலைந்து நாளில் நோட்டில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். தூக்கமே வராமல், வாழவே வேண்டாம் என்று தோன்றினால் பிஃப்ரெண்டர்ஸ் மனநல உதவி எண் 03-7627 2929, 24 மணி நேரமும்.

உறுதியாகிவிட்டால் முதல் முறைக்கு வைரஸை அடக்கும் ஏசைக்ளோவிர் மாத்திரை 400 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, 7 முதல் 10 நாள் என்பது வழக்கமான அளவு. டாக்டர் சீட்டு வேண்டும், சீக்கிரம் தொடங்க வேண்டும். எரிச்சலுக்கு, சிறுநீர் கழிக்கும்போதே மேலே தண்ணீர் ஊற்றுங்கள். சிறுநீரே வரவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரி. புண் இருக்கும் நாளில் உறவு வேண்டாம். புண் இல்லாத நாளிலும் பரவலாம்; ஆணுறையும், அதே வகை மாத்திரையான வாலாசைக்ளோவிரைத் தினமும் சாப்பிடுவதும் அதைக் குறைக்கும். நீங்களோ துணைவியோ கர்ப்பமாக இருந்தால், அடுத்த செக்கப்புக்குப் பிங்க் புக்கை (கர்ப்பகாலப் பதிவேட்டை) கொண்டுபோகும்போது டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். கடைசி மூன்று மாதத்தில் புதிதாக வரும் தொற்றுதான் குழந்தைக்கு அதிக ஆபத்து.