அதே கை, அதே பாட்டு
காலையிலிருந்து 'சோல் மேன்' என்ற அமெரிக்கப் பாட்டின் இரண்டு பதிவுகளையும் மாற்றி மாற்றிக் கேட்கிறேன். 1967-இல் மெம்பிஸின் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் சாம் அண்ட் டேவ் என்ற பாடகர் ஜோடி பாடியது ஒன்று. 1978-இல் ப்ளூஸ் பிரதர்ஸ் குழு மேடையில் பாடியது இன்னொன்று. இரண்டிலும் கிடார் ஸ்டீவ் க்ராப்பர்தான்! பேஸ் கிடாரும் அதே டக் டன்.

முதல் பதிவில் வழுக்கிக்கொண்டு போகும் அந்தச் சின்ன இழுப்பு இருக்கிறதே, அதற்கு சிகரெட் லைட்டரைத் தந்திமேல் வைத்துத் தேய்த்திருக்கிறார் க்ராப்பர். உற்சாகம் தாங்காமல் சாம் மூர் "ப்ளே இட், ஸ்டீவ்!" என்று கத்துகிறார். பதினோரு வருஷம் கழித்து ப்ளூஸ் பிரதர்ஸ் பாடகர் ஜான் பெலூஷியும் அதையே கத்த, பதில் சொல்வது அதே கை.

பாடகருக்கு இடம் விட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு ஸ்வரம். அப்புறம் மறுபடி தாளத்துக்குள் போய்விடுகிறார். எனக்கு 1967 பதிவுதான் உசத்தி. இரவு ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள்.