பலகைக்குப் பின்னால் ஓர் ஆணை

நகராட்சியின் பொறியியல் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் குடிநீர், சாலை, மழைநீர் வடிகால் என்று தடிதடியான கோப்புகள் என் மேசைக்கு வரும். அவற்றுக்கு நடுவே போக்குவரத்துப் பலகைகள், சிக்னல்கள் பற்றிய கோப்பு மெலிதாகக் கிடக்கும். அதில் பணம் குறைவு. அதனால் ஒப்பந்தக்காரர்களுக்கும் ஆர்வமில்லை, கூட்டங்களில் அதைப் பற்றிப் பேசுவாரும் இல்லை. எனக்கு அந்தக் கோப்புதான் பிடித்துப்போனது. ஊரில் வண்டி ஓட்டுகிறவர், நடந்து போகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஒருவர் விடாமல் தினமும் அதன் விளைவுக்குள்தான் நடமாடுகிறார்கள்.

பொறியியல் படிப்பில் பலகையின் அளவு, உயரம், எழுத்தின் பருமன் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பலகை என்பது ஒரு சட்ட ஆணையின் கடைசி நுனி என்று யாரும் சொல்லவில்லை. அதை வேலையில்தான் கற்றுக்கொண்டேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 116ஆம் பிரிவு, மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ போக்குவரத்துக் குறிகளை நிறுவலாம், நிறுவ அனுமதிக்கலாம் என்கிறது. அளவு, நிறம், வடிவம் எல்லாம் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி இருக்க வேண்டும். அதோடு மாநில அரசு விரும்பும் எழுத்தில் சொற்களைச் சேர்த்துக்கொள்ளவும் இடம் உண்டு. நம் ஊர்ப் பலகைகளில் தமிழ் இருப்பதற்குச் சட்டத்திலேயே வேர் இருக்கிறது. 119ஆம் பிரிவு ஓட்டுநரின் கடமையைச் சொல்கிறது. சிவப்பு வளையமிட்ட வட்டப் பலகை கட்டளை, அதை மீறினால் குற்றம். முக்கோணப் பலகை பெரும்பாலும் எச்சரிக்கை, அதை மீறினார் என்று மட்டும் சொல்லி அபராதம் போட முடியாது. இந்த வேறுபாடு தெரியாமலேயே பல வருஷம் வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பலகை நிறுத்துகிற அலுவலகங்களிலும் பார்த்திருக்கிறேன், அதுதான் வருத்தம்.

எங்கள் ஊரில் பேருந்து நிலையத்துக்கு முன்னால் ஒரு நாற்சந்தி. பெரிய சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது, கடைவீதி நகராட்சியுடையது, சிக்னலை இயக்குவது போக்குவரத்துக் காவல், தடை விதிக்கும் ஆணை ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும். கம்பம் சாய்ந்தால் யார் நிமிர்த்துவது என்பதற்கே மூன்று கடிதம் போகும். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் எல்லாத் துறைக்காரர்களும் ஒரே மேசையில் உட்காருவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை, தபாலில் ஆறு மாதம் இழுக்கும். அந்தக் கூட்டத்துக்கு ஆயத்தமாகப் போகிற அதிகாரி ஊருக்குச் செய்யும் நன்மை பெரியது என்று உறுதியாகச் சொல்வேன்.

கடைவீதி ஒருவழிப்பாதை விவகாரம்தான் எனக்கு இந்த வேலையின் அடிப்படையைப் புரியவைத்தது. ஒரு தீபாவளிக்கு முன்பு, நான் அந்த ஊருக்கு மாறுதலாகி வருவதற்கும் முந்தி, கூட்டத்தைச் சமாளிக்கச் சோதனை முறையில் ஒருவழி என்று அறிவித்திருக்கிறார்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள், செய்தித்தாளிலும் வந்தது. 115ஆம் பிரிவின்படி அது சரியான நடைமுறைதான். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை, உள்ளூரில் போதிய விளம்பரம் கொடுத்தால் போதும். ஒரு மாதத்தைத் தாண்டினால் அரசிதழில் வெளியாக வேண்டும். தீபாவளி போனது, பொங்கலும் போனது, நோ என்ட்ரி பலகைகள் அப்படியே நின்றுவிட்டன. வருஷங்கள் ஓடின. ஊரே அது ஒன்வே என்று பழகிவிட்டது.

அப்புறம் ஒரு நாள் குட்டியானை ஓட்டும் இளைஞர் ஒருவர் எதிர்த்திசையில் வந்து பிடிபட்டார். அபராதம் கட்ட மாட்டேன் என்று நீதிமன்றம் போனார். அங்கே கேட்ட கேள்வி ஒன்றுதான்: தடை விதித்த ஆணை எங்கே? காவல் நிலையம் எங்களைக் கேட்டது. பதிவறையில் உட்கார்ந்து கட்டுக்கட்டாகப் பிரித்துத் தேடினேன். பத்திரிகைச் செய்திக் குறிப்பின் நகல் ஒன்று கிடைத்தது. அரசிதழ் இல்லை, நீட்டிப்பு ஆணை இல்லை, அந்தத் தெருவில் எத்தனை வண்டி போகிறது என்ற கணக்கு ஒரு தாள்கூட இல்லை. அந்த அபராதம் நிற்கவில்லை.

செய்தி பரவியதும் தெருவில் இரண்டு பக்கமும் வண்டி பாய ஆரம்பித்தது. வேதனையாக இருந்தது. அந்தத் தெருவுக்கு ஒருவழி உண்மையிலேயே தேவை. நகைக்கடை முதல் பாத்திரக்கடை வரை ஒட்டி ஒட்டி நிற்கும் குறுகிய தெரு அது. தேவையான தடையைக்கூட, செய்ய வேண்டிய முறையில் செய்யாததால் இழந்துவிட்டோம். இத்தனை வருஷமாக அங்கே அபராதம் கட்டியவர்களை நினைத்தால் இன்னும் மோசமாக இருந்தது.

முதலிலிருந்து தொடங்கினோம். பக்கத்துப் பாலிடெக்னிக் மாணவர்கள் தெருவின் இரு முனைகளிலும் உட்கார்ந்து, நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, வண்டிகளை வகைவாரியாக எண்ணினார்கள். வணிகர்களைக் கூப்பிட்டுப் பேசினோம். சரக்கு வண்டி இரவில் மட்டும் வரட்டும் என்பது எங்கள் யோசனை. அரிசி மண்டிக்காரர் ஒருவர் எழுந்தார். "சார், ராத்திரி லோடு இறக்கச் சொல்றீங்க. மூட்டை தூக்குற ஆளுக்கு ராத்திரிக் கூலிய யாரு குடுப்பா? அவன் எப்ப வீட்டுக்குப் போவான்?" அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்த எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. மதியம் 1 மணி முதல் 3 மணி வரை கூட்டம் குறைவு என்று மாணவர்கள் எடுத்த கணக்கே காட்டியது. அந்த நேரத்தைச் சரக்கு இறக்க ஒதுக்கினோம். இருசக்கர வாகனத்துக்குத் தடை வேண்டுமா என்று பெரிய விவாதம் நடந்தது. 115ஆம் பிரிவு குறிப்பிட்ட வகை வாகனத்துக்கு மட்டும், குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் தடை போட இடம் தருகிறது. கடைசியில் காலை 9 முதல் இரவு 9 வரை நான்கு சக்கர வாகனங்களுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் மட்டும் ஒருவழி, சரக்கு இறக்குவதற்கு மதிய விலக்கு என்று முன்மொழிவு போனது. ஆணை வந்தது, அரசிதழிலும் வந்தது. வட்டப் பலகைக்குக் கீழே நேரத்தையும் வாகன வகையையும் தமிழில் எழுதித் துணைப்பலகை மாட்டினோம்.

பழைய தடையைவிடப் புதியது குறுகியது. ஆனால் அதை ஜனங்கள் மதித்தார்கள். காவலர் இல்லாத நேரத்திலும் பெரும்பாலான வண்டிகள் சுற்றிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். காரணம் சொல்லி, கேட்டு, எவ்வளவு தேவையோ அவ்வளவே விதித்தால் நம் ஆட்கள் சட்டத்தை மதிப்பார்கள். "நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கே கிடையாது" என்று கூட்டங்களில் யாராவது தொடங்கினால் நான் இந்தத் தெருவைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

சிக்னல் வேறு வகைச் சிக்கல். ஒவ்வொரு வார்டு உறுப்பினருக்கும் தன் பகுதியில் சிக்னல் வேண்டும். கம்பத்தில் விளக்கு எரிந்தால் ஊர் வளர்ந்துவிட்டது என்று ஒரு பெருமை, அது இயல்புதான். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 1985இல் வெளியிட்ட 93ஆம் எண் வழிகாட்டி, எங்கே சிக்னல் வைக்கலாம் என்பதற்கு அளவுகோல் தருகிறது. இரண்டு சாலையும் ஒற்றைத் தடமாக இருந்தால், பெரிய சாலையில் இருபக்கமும் சேர்த்து மணிக்கு 650 வண்டி, சிறிய சாலையில் 200 வண்டி, அதுவும் எட்டு மணி நேரச் சராசரியில். நடந்து கடப்பவர்கள், நடந்த விபத்துகள் என்று வேறு அளவுகோல்களும் உண்டு. அளவு எட்டாத இடத்தில் சிக்னல் வைத்தால் எதிரே ஆளே இல்லாமல் சிவப்பில் நிற்க வேண்டியிருக்கும். இரண்டு நாள் நிற்பார்கள், மூன்றாம் நாள் பாய்வார்கள். அங்கே பழகிய பாய்ச்சலை அடுத்த சந்திக்கும் கொண்டுபோவார்கள். அதனால் அப்படிக் கேட்ட இடங்களில் எண்கோண நில் பலகையும் கோடும் போதும் என்று குறிப்பு எழுதினேன். சில இடங்களில் அதை ஏற்றார்கள், சில இடங்களில் ஏற்கவில்லை.

சிக்னல் கட்டாயம் வேண்டிய இடம் அரசு மருத்துவமனை வாசல். அங்கே ஏற்கெனவே இருந்தது, ஆனால் நடப்பவர்களுக்கான பச்சை பத்து விநாடிதான். அந்த வழிகாட்டி, ஆள் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாக வைத்து, கிளம்புவதற்கு 7 விநாடி கூட்டச் சொல்கிறது. அங்கே சாலை 14 மீட்டர். கணக்குப்படி 19 விநாடி வேண்டும். பூக்கூடையோடு நின்ற ஒரு பாட்டியிடம் கேட்டேன். "பச்சை விழுந்ததும்தான் தம்பி இறங்குறேன். பாதிக்குப் போகங்குள்ள வண்டியெல்லாம் உறும ஆரம்பிச்சிடுது" என்றார். நோயாளிகளும் கர்ப்பிணிகளும் கடக்கிற இடத்தில் 1.2 மீட்டர் என்பதே அதிகம்.

போக்குவரத்து ஆய்வாளரிடம் போனேன். "சார், அவ்வளவு நேரம் நிறுத்தினா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டி நிக்கும். அதுல ஆம்புலன்சும் சேர்ந்து நிக்கும்" என்றார். அவர் சொன்னதும் உண்மை. வெயிலில் நாள் முழுக்க நின்று அந்தச் சந்தியைப் பார்க்கிறவர் அவர். வழி வேறு பக்கத்தில் கிடைத்தது. நடுத்தடுப்பை அகலப்படுத்தி, ஆட்கள் பாதுகாப்பாக நிற்க மேடை அமைத்து, கடப்பதை இரண்டு கட்டமாகப் பிரித்தோம். ஒரு கட்டத்துக்கு 7 மீட்டர், கணக்கு 13 விநாடி, அதோடு சில விநாடி கூடுதலாக. வண்டிகளும் தேங்கவில்லை. அந்த மூலையில் இருந்த ஃப்ரீ லெஃப்ட் பலகையையும் எடுத்தோம். சிவப்பிலும் இடப்பக்கம் திரும்பலாம் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி என்று பலர் நம்புகிறார்கள். பலகையோ பச்சை அம்புக்குறியோ அனுமதித்தால் மட்டுமே திரும்பலாம். மருத்துவமனை வாசலில் அந்த அனுமதி இருக்கவே கூடாது என்று எழுதியபோது எனக்குத் தயக்கமே இல்லை.

வேகத்தடை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அதிகம் வரும் மனு அதுதான். விபத்து நடக்கும், மறியல் நடக்கும், ராத்திரியோடு ராத்திரியாகத் தாரைக் கொட்டி ஒரு மேடு எழும்பும். முறையான மேடு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வெள்ளைப் பட்டை, முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை என்று இருக்க வேண்டும். அவசர மேட்டில் இதில் ஒன்றும் இருக்காது. இருட்டில் அதில் ஏறி விழுந்தவர்களை நான் மருத்துவமனையில் பார்த்திருக்கிறேன்.

பேனர்கள் விஷயத்தில் மனசு இன்னும் ஆறவில்லை. பலகையை மறைக்கிற, ஓட்டுநரின் கவனத்தைக் கலைக்கிற விளம்பரத்தை அகற்றும் அதிகாரம் 116ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுத்தடுப்பில் வைத்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் தடுமாறித் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பேனரைக் கழற்றத் துணிவும் மேலிருந்து ஆதரவும் கிடைத்தன. அதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உபயம் என்று கடைப் பெயர் பெரிதாகவும் எச்சரிக்கை சிறிதாகவும் எழுதிய தடுப்புகளையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

அதே 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198ஏ என்று ஒரு பிரிவு வந்தது. சாலை வடிவமைப்பு, பராமரிப்புத் தரங்களைப் பின்பற்றாததால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அலுவலகத்தில் பலர் பயந்தார்கள். எனக்கு அது நல்ல பிரிவாகப் பட்டது. பலகைப் பதிவேடு ஒன்று தொடங்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தது அதற்கப்புறம்தான் நடந்தது. இடம், வகை, ஆணை எண், நாள், மறுபரிசீலனை எப்போது என்று ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வரி. எழுதி முடித்துப் பார்த்தால் ஆணை எண் பத்தியில் பெரும்பகுதி காலி.

காலி இடங்களை நிரப்புவது சுலபம், தேவையில்லாத பலகையை எடுப்பதுதான் கடினம். பாலம் கட்டும்போது ஒப்பந்தக்காரர் வைத்த 20 கிலோமீட்டர் வேகப் பலகை, பாலம் முடிந்து போக்குவரத்து ஓடிய பிறகும் நின்றது. எடுத்துவிட்டு நாளைக்கு விபத்து நடந்தால் யார் பதில் சொல்வது என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். கூட்டத்தில் பதிவேட்டை வைத்து, ஆணையில்லை, காரணமும் முடிந்தது என்று எழுதி, எல்லாத் துறையும் கையெழுத்திட்ட பிறகே அது இறங்கியது.

உங்கள் தெருப் பலகை மேல் சந்தேகம் இருந்தால் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு போடலாம். பலகை நிற்கும் இடத்தைச் சரியாகக் குறிப்பிட்டு, அதற்கான ஆணையின் எண், நாள், நகல் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். ஆணை இல்லை என்று பதில் வந்தால், அந்தத் தாளோடு சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு மனு கொடுங்கள். பலகை உண்மையில் தேவையானது என்று தோன்றினால், முறையான ஆணை போடச் சொல்லி அதே மனுவில் எழுதுங்கள்.