இரண்டு ஓ, ஒரு யூ

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அத்தியட்சர் (பிஷப்) தலையில் கை வைத்த நேரத்தில்கூட, சான்றிதழில் என் பெயரை எப்படி அடித்திருப்பார்களோ என்றுதான் மனம் ஓடியது. அவ்வளவு பட்டிருக்கிறேன்.

24 வருஷம் தென்னாப்பிரிக்கக் கடற்படையில் எஞ்சின் அறை வேலை. பெரும்பாலும் சைமன்ஸ் டவுன் கடற்படைத் தளம், சில வருஷம் ‘மெண்டி’ போர்க்கப்பல். 1917 பிப்ரவரி 21 அன்று ஆங்கிலக் கால்வாயில் மூழ்கிய பழைய மெண்டியின் பெயர்தான் அது. தென்னாப்பிரிக்கர் 600 பேருக்கு மேல், அநேகமாக எல்லாருமே கறுப்பின வீரர்கள், அதில் இறந்துபோனார்கள். மூழ்குகிற தளத்தில் நின்று அவர்களைத் திடப்படுத்தியவர் ஐசக் வாகோப் என்ற போதகர் என்று சொல்வார்கள். வருஷா வருஷம் மலர்வளையம் போடும்போது அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் அது என்னைப் பார்த்தே சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் யாருக்கும் ஆச்சரியமில்லை. கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்த கொள்ளுத்தாத்தா உபதேசியார், டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் தாத்தாவும் உபதேசியார். “சுத்திட்டு வீட்டுக்கு வந்துட்டான்” என்றார் அப்பா.

இறையியல் படிப்பு, நேர்முகம் எல்லாம் முடிந்தன. காகிதம்தான் கழுத்தை அறுத்தது.

சபை கேட்டவை நான்கு: ஞானஸ்நானச் சான்று, படையிலிருந்து விடுவித்த சான்று, போலீஸ் சான்று, குழந்தைகளுக்குத் தீங்கு செய்தவர்களின் பட்டியலில் என் பெயர் இல்லை என்பதற்கான ஃபார்ம் 30. அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் நான் மூன்சாமி (Moonsamy), இரண்டு ஓ. விடுவிப்புச் சான்று வந்தபோது முன்சாமி (Munsamy), ஒரே ஒரு யூ. 24 வருஷத்துக்கு முன் ஆள் எடுத்தபோது யாரோ கையால் நிரப்பிய தாளைப் பார்த்து அடித்திருக்கிறார்கள். சம்பளம் அடையாள எண்ணை வைத்தே வந்துகொண்டிருந்ததால் நானும் கவனிக்கவில்லை.

திருத்தி வாங்க டர்பனிலிருந்து ராத்திரி பஸ் பிடித்துப் பிரிட்டோரியா போனேன். இரண்டு மணி நேரம் நின்ற பிறகு, கவுண்டரில் இருந்தவர் தாளைக் கையில்கூட வாங்காமல், “உங்கள் யூனிட்டிலிருந்து கடிதம் வேண்டும்” என்றார். யூனிட்டை விட்டு வந்துவிட்டேன் என்பதற்குத்தானே ஐயா இந்தச் சான்று என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கிளம்புவதற்கு முன் போன் பண்ணி, யார் பெயரில் என்ன கடிதம் வேண்டும் என்று எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். அந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் போலீஸ் சான்று ஆறு மாதம் தாண்டிவிட்டது. மறுபடி கைரேகை, மறுபடி கட்டணம். போலீஸ் சான்றை எப்போதும் கடைசியில் எடுங்கள்.

ஞானஸ்நானச் சான்று வேறு கதை. நான் ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்தில் இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் “அந்த வருஷத்தில் உங்கள் பெயர் இல்லை” என்றார்கள். மூன்றாம் முறை, பதிவேட்டை நானே பார்க்கிறேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். 1979-ஆம் வருஷப் பக்கங்கள் முழுக்கத் தமிழ். அலுவலகத்தில் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதைச் சொல்லவும் கூச்சம். நான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்றதை வைத்து விரலால் தடவிக்கொண்டே போனேன். நீல மை, ‘ழ’வின் வால் அடுத்த வரி வரைக்கும் இறங்கும். தாத்தாவின் கை! “முனிசாமி” என்று ஒரு பிழையில்லாமல் எழுதியிருக்கிறார். மேசையில் அந்தப் புத்தகத்தின் மேலேயே கொஞ்ச நேரம் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். எழுத்தர் அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

இப்போது மூன்று பெயர். வீம்புக்கு ஆவணக் காப்பகத்துக்கும் போய்க் கப்பல் பட்டியலில் கொள்ளுத்தாத்தாவைத் தேடினேன். எண், தகப்பன் பெயர், வயது, வட ஆற்காடு, உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் இருந்தன. சாதிக் கட்டத்தில் ‘கிறிஸ்டியன்’. பெயரில் நாலாவதாக ஒரு எழுத்துக்கூட்டல்! வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியதுதான் எங்கள் வீட்டு ஆங்கில எழுத்து.

கடைசியில் தீர்வு என்ன தெரியுமா? வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள போலீஸ் நிலையத்தில், மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசி. செலவு இல்லை, 10 நிமிஷம். முத்திரை குத்திய கான்ஸ்டபிளுக்கு நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று புரியவில்லை. சபைக் குழு அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. முதல் வாரமே இதைச் செய்திருக்கலாம்.

படையிலிருந்து ஊழியத்துக்கு வர நினைப்பவர்களுக்கு இன்னொன்று. 55-க்கு முன் கிளம்பினால் அது பெரும்பாலும் ராஜினாமாக் கணக்கு. ஓய்வூதியப் பணத்தைக் கையில் வாங்கினால், 2023-இல் வைத்த வரம்புப்படி, முதல் 27,500 ராண்டுக்கு மேல் வரி தொடங்கிவிடும். ஓய்வு என்றால் அந்த வரம்பு 550,000. கையில் வாங்காமல், ஓய்வு வரை பணத்தைக் காத்து வைக்கும் சேமக் காப்பு நிதிக்கு மாற்றினால் அந்த நேரத்தில் வரி இல்லை. ஓய்வூதியப் பணம் கேட்கும் இசட் 102 படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கணக்குத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நான் ஜெபம் பண்ணிவிட்டுப் போட்டேன். ஜெபம் நல்லதுதான், ஆனால் கணக்காளரும் வேண்டும்.

குருப்பட்டம் கிடைத்ததால் மட்டும் கல்யாணம் நடத்திவைக்க முடியாது. 1961-ஆம் வருஷத்துத் திருமணச் சட்டப்படி உள்துறை நியமிக்க வேண்டும், அதற்கு ஒரு தேர்வும் உண்டு. நேற்றுதான் விண்ணப்பம் நிரப்பினோம். பெயர்க் கட்டத்தை நான் தொடவே இல்லை. மனைவி எழுதினாள், நான் பக்கத்தில் நின்று ஓ-க்களை எண்ணினேன்.