அத்தையின் இடுப்பும் எட்டு வாரமும்

2025 மார்ச் 3, திங்கள், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

நேற்று அத்தையை, என் மாமியாரை, வீட்டுக்கு அழைத்து வந்தோம். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் பன்னிரண்டு அடி. வாக்கரைப் பிடித்து நடக்கக் கால் மணி நேரம். விழுந்துவிடுவாரோ என்று பின்னாலேயே இரண்டு கையையும் விரித்தபடி போனேன். இவரைத் தனியே விட்டுவிட்டு எப்படி வேலைக்குப் போவது?

மார்ச் 5

சம்பளச் சீட்டில் எஸ்.டி.ஐ. (மாநில அரசின் உடல் இயலாமைக் காப்பீடு) என்று ஒரு பிடித்தம், இந்த வருடம் 1.2 சதவீதம். ஆறு வருடமாகப் போகிறது, எதற்கென்று நான் கேட்டதே இல்லை. நமக்கு உடம்பு முடியாமல் போனாலும், வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள லீவு எடுத்தாலும், கலிஃபோர்னியா தரும் பணம் இதிலிருந்துதான் வருகிறது. பார்த்துக்கொள்ள 12 மாதத்தில் எட்டு வாரம். மாமியாரும் கணக்கில் உண்டு.

அத்தையிடம் சொன்னேன். "ஏங்கண்ணு, சும்மா ஊட்ல இருக்கறதுக்கு ஆரு காசு குடுப்பாங்க?" என்றார். நான் கட்டிய காசுதான் அத்தை, யாரும் தர்மம் பண்ணவில்லை என்றேன்.

மார்ச் 6

முதலில் இரண்டு வார விடுமுறையைக் கழித்துக்கொள் என்றார்கள் ஆபீசில். அப்படிக் கட்டாயப்படுத்துவது இந்த ஜனவரியோடு போய்விட்டது. பொறுமையாக எடுத்துச் சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தத் திட்டம் பணம் மட்டும்தான் தரும். வேலையைக் காப்பது வேறு சட்டம். அமெரிக்க மத்திய அரசின் லீவுச் சட்டத்தில் மாமியார் இல்லை. கலிஃபோர்னியா சட்டத்தில் 2022இலிருந்து உண்டு. அதையும் தனியாக எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 11

விண்ணப்பத்தில் நான் நிரப்ப வேண்டிய பகுதியை ஆன்லைனில் அனுப்பியாயிற்று. டாக்டர் நிரப்ப வேண்டிய பகுதி இன்னும் போகவில்லை. மூன்று முறை போன் செய்தேன்.

மார்ச் 24

பணம் வந்துவிட்டது! என் அளவு சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம். போன வருடம் வரை 70க்கு மேல் யாருக்கும் இல்லை.

சாயங்காலம் காப்பகத்தில் என்னோடு வேலை செய்யும் தோழி சூப் கொண்டுவந்தாள். அவள் அப்பாவுக்குப் பக்கவாதம். பிப்ரவரி 18இலிருந்து சம்பளமில்லாத லீவில் இருக்கிறாள். இப்படியொன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. லீவு தொடங்கி 41 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இருவரும் காலண்டரில் விரல் வைத்து எண்ணினோம். இன்றோடு 35. சூப் பாத்திரத்தைக்கூட வாங்காமல் சம்பளச் சீட்டைத் தேடப் போய்விட்டாள்.